ஒன்றும் கலக்காத ஒரு பாட்டில் தண்ணீர்

சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கிரேஸ் டீச்சர் காலமான செய்தி வந்தபோது, காய்ச்சல் என்று கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டு நான் பரவை மார்க்கெட்டில் வெங்காயத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். கல்லூரி வாட்ச்மேன் சைக்கிளை நிறுத்தி, "ஏக்கா, காய்ச்சலுக்கு வெங்காயமா வைத்தியம்?" என்றார். வாட்ச்மேன் வேலை என்றால் ஊர் சுற்றுவதா என்று திருப்பிக் கேட்க வாயெடுத்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "டீச்சரம்மா போயிட்டாங்க" என்றார். வெங்காயத்தை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன்.

டீச்சரை வகுப்பில் பார்த்தவர்கள் நீங்கள். நான் அவருடைய கெமிஸ்ட்ரி லேபில் பாட்டில் கழுவிய ஆயா. படிப்பு ஐந்தாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் மட்டம். ஆனால் அவர் கடைசியாகச் செய்த வேலையில் கூடவே அலைந்தவள் நான்தான் என்பதால் கல்லூரி மலருக்கு எழுதச் சொன்னார்கள்.

மதுரை செல்லூரில் பித்தளைக் குடம் எல்லாம் போய் பிளாஸ்டிக் குடம் வந்துவிட்டது. ஒரு சந்துக்குள் பிளாஸ்டிக் டியூப் போடும் பட்டறை இருந்தது. அங்கே ராக்கு என்ற பெண் வேலை செய்தாள். அப்போது மாசமாக இருந்தாள். "பிளாஸ்டிக்கை வளைய வைக்கிறதுக்கு ஒரு எண்ணெய் கலக்குறாங்க பாண்டியம்மாக்கா. அது அங்கேயே கிடக்காது, கசிஞ்சு வரும்" என்று டீச்சர் எனக்குச் சொன்னார். அது தாய் உடம்பில் ஏறுகிறதா, பிள்ளைக்கும் போகிறதா என்று பார்க்க வேண்டும். உடம்பில் ஏறினால் சிறுநீரில் தெரியுமாம். பட்டறை முதலாளி கெட்டவர் இல்லை. "கணக்குக் காட்டுங்க டீச்சர், மறுநாளே மாசமா இருக்கிற பொம்பளைகள பாக்கிங்குக்கு மாத்திடுறேன்" என்றார். ராக்குவின் பிரசவத்துக்குள் அந்தக் கணக்கு வேண்டும். அதுதான் டீச்சரின் அவசரம்.

பட்டறைப் பெண்களிடமும், அந்தப் பக்கமே போகாத நெசவு வீட்டுப் பெண்களிடமும் சிறுநீர் வாங்கி, கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, சென்னையில் ஒரு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம். கூடையை பஸ்ஸில் கொண்டுபோவது என் வேலை. கண்டக்டர் கேட்டால் நன்னாரி சர்பத் என்பேன். ஒருநாள் அவர் "ஒரு கிளாஸ் ஊத்துக்கா" என்று கையை நீட்டினார். "இது மாசமா இருக்கிறவங்களுக்கு மட்டும்ணே" என்று சொல்லித் தப்பித்தேன். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

முதல் தடவை எல்லோருக்கும் ஒரே அளவாக வந்தது. எங்கே தப்பு என்று வீடு வீடாகக் கேட்டோம். பாட்டிலுக்குக் குறுகிய வாய். எவர்சில்வர் டம்ளரில் பிடித்து ஊற்றுங்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். எந்த வீட்டில் வாய் வைத்துக் குடிக்கிற டம்ளரை அதற்குக் கொடுப்பார்கள்? எல்லோரும் குளிக்கிற பிளாஸ்டிக் மக்கில் பிடித்துத்தான் ஊற்றியிருக்கிறார்கள். டீச்சர் மனசு நோகக்கூடாது என்று ஒருத்தியும் சொல்லவில்லை.

அடுத்து, ஆளுக்கு ஒரு புது மண்கலயம் வாங்கிக்கொண்டு போனார். உபயோகித்ததும் உடைத்துவிடலாம் என்பது அவர் யோசனை. ராக்குவின் மாமியார் வாசலிலேயே மறித்தாள். "வயித்துப்பிள்ளைக்காரி வீட்டுல கலயம் உடைக்கிறதா? இது என்ன எழவு வீடா?" டீச்சருக்கு முகம் வெளிறிவிட்டது. கிறிஸ்தவ வீட்டில் வளர்ந்தவருக்குத் தோன்றாதது சரி, மதுரையிலேயே பிறந்த எனக்குமா தோன்றாமல் போனது? கலயங்களைத் திருப்பிக் கொண்டுவந்தோம். அதில்தான் எங்கள் வீட்டில் இன்றும் தயிர் உறைகிறது.

கடைசியில் அகன்ற வாய்க் கண்ணாடிப் பாட்டில் கிடைத்தது. பிளாஸ்டிக் மூடிக்குப் பதில் வாழை இலையை வாட்டி மேலே போட்டு, நெசவு நூலால் கட்டினோம். இந்தத் தடவை கூடவே ஒரு பாட்டிலில் வெறும் தண்ணீரும் அனுப்பினோம். அதில் ஒன்றும் இல்லை என்று வந்தால்தான் மற்ற பாட்டிலில் தெரிவது உடம்பிலிருந்து வந்தது என்று நம்ப முடியுமாம். ராக்குவுக்குப் பிள்ளை பிறந்த வாரம் பதில் வந்தது. வெறும் தண்ணீரிலும் அதே எண்ணெய்.

லேபில் காய்ச்சி இறக்கிய தண்ணீரிலும் இருந்தது. அது பிளாஸ்டிக் குழாய் வழியாகத்தான் இறங்கியது. பிளாஸ்டிக் நுழைந்திருக்காது என்று நம்பி டி. கல்லுப்பட்டி ஆசிரமத்துக் கிணற்றுத் தண்ணீர் எடுக்கப் போனோம். அங்கே நைலான் கயிறும் பிளாஸ்டிக் வாளியும் தொங்கின. மொட்டை மாடியில் மழையைப் பிடித்து அனுப்பினோம். அதிலும் இருந்தது. "ஒண்ணுமே இல்லாதது வேணும்னா என் மண்டைய அனுப்புங்க டீச்சர்" என்றேன். வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, "அழுக்க அளக்கவாவது ஒரு சொட்டு சுத்தம் வேணுமேக்கா" என்றார். அந்தச் சொட்டு அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

முதலாளியிடம் அவர் பொய் சொல்லியிருக்கலாம். நானே சொல்லச் சொன்னேன். "கணக்கு வரல. ஆனா இது நல்லதில்லன்னு என் மனசுக்குப் படுது" என்றுதான் சொன்னார். "மனசுக்குப் பட்டதுக்கெல்லாம் ஆள மாத்த முடியுமா டீச்சர்?" என்றார் முதலாளி. ராக்கு பிள்ளையைப் பட்டறைக்குள்ளேயே தொட்டில் கட்டிப் போட்டாள். அது பல் முளைக்கிற ஊறலுக்கு டியூப் துண்டைக் கடித்துக்கொண்டு கிடந்தது. டீச்சர் அதைப் பிடுங்கினார். பிள்ளை வீல் என்று கத்தியது. ராக்கு துண்டை வாங்கி மறுபடியும் பிள்ளை கையில் கொடுத்தாள். "இது இல்லாட்டி வேல செய்ய விடாது டீச்சர்."

டீச்சர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூக்கில் ஒரு பிளாஸ்டிக் குழாய், கையில் ஒரு பிளாஸ்டிக் குழாய். என்னைக் கண்டதும் கையைக் காட்டி, "இப்ப என்னைய அளந்தா நல்லா வரும்க்கா" என்றார். எதற்கும் எதிர்ப்பேச்சு வைத்திருப்பவள் நான். அவர் கால்மாட்டில் போர்வையைச் சரிசெய்தேன்.

அடக்கத்துக்கு ராக்கு வந்திருந்தாள். இடுப்பில் அந்தப் பிள்ளை, வயிற்றில் இன்னொன்று. மலர்வளையத்தை மூடியிருந்த பிளாஸ்டிக் தாளைப் பிள்ளை இழுத்துக்கொண்டே இருந்தது. "இனி யாருக்கா அளப்பா?" என்று கேட்டாள். யாரும் அளக்கப் போவதில்லை. அவளுக்கும் அது தெரியும். இப்போதும் அதே பட்டறைக்குத்தான் போகிறாள்.

டீச்சரின் பொருளென்று என்னிடம் இருப்பது ஒரே ஒரு பாட்டில். கடைசி மழையில் பிடித்து, அவரே இலை போட்டு நூல் கட்டிய தண்ணீர். சென்னைக்கு அனுப்புவதற்குள் படுத்துவிட்டார். இதில் ஒருவேளை ஒன்றும் இல்லாமல் இருக்கலாம் என்று எண்ணி, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு, அந்தத் தண்ணீரைக் குடித்திருந்தார். மிச்சத்தில் தூசி விழக்கூடாது என்று பாட்டிலுக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி தேடிப் போட்டிருந்தார். மூடி சரியாகப் பொருந்துகிறது. தலைவலியும் விட்டுவிட்டதாகச் சொன்னார்.