எல்லாருடைய பாஸ்வேர்டும் என் நோட்டில்

இண்டர்நெட் கடை வேலைக்குக் கம்ப்யூட்டர் தெரிந்தால் போதும் என்று நினைத்துத்தான் நானும் பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் ஒரு கடையில் கவுண்டருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். தொண்ணூறுகளின் கடைசி, ஊரே இமெயில் முகவரி வாங்க அலைந்த நேரம். கவுண்டரில் உட்கார்ந்து ஊராருக்குப் பதில் சொல்லிப் பிழைத்தவர்களே, உங்களுக்குத்தான் என் வயிற்றெரிச்சல் புரியும்.

நோட்டு வந்த கதை

வாடிக்கைக்காரர்கள் வாரம் ஒருமுறை வருவார்கள். வந்ததும் பாஸ்வேர்ட் மறந்துபோயிருக்கும். "நீதானே தொறந்து குடுத்த, நீயே சொல்லு" என்று என்னிடம் சண்டை. புது முகவரி போட்டுக் கொடுத்தே எனக்கு அலுத்துவிட்டது. கடைசியில் ஒரு நீள நோட்டு வாங்கி, பெயர், முகவரி, பாஸ்வேர்ட் என்று கோடு போட்டு எழுதி வைத்தேன். கெட்டிக்காரி என்றார் முதலாளி. வேண்டாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக் கிளார்க் ஒருவர் சந்தோஷமாகவே சொன்னார்: "வீட்டைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டிலை குடுத்திட்டுத்தான் வாறனான். இதையும் நீரே வைச்சிரும், பிள்ளை."

முதுகுக்குப் பின்னால்

அக்கரையில் இருக்கும் கெப்பாலா பத்தாஸிலிருந்து சனிக்கிழமைதோறும் ஓர் அரசாங்க அலுவலர் வருவார். தன் முறை வரும்வரை உட்காரவே மாட்டார். அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் நின்று அவர்கள் எழுதுவதைப் படிப்பார். ஒருநாள் ஒரு பெண் கணவனுக்கு எழுதிக்கொண்டிருந்ததைப் படித்துவிட்டு, "இதுக்கெல்லாம் மன்னிப்புக் கேக்காத தங்கச்சி" என்று ஆலோசனை வேறு சொன்னார். அந்தப் பெண் பாதியில் எழுந்து போய்விட்டாள். எனக்கு வந்ததே கோபம்! வெளியே போங்கள் என்று கத்தினேன். மனிதர் அசையவில்லை.

"பொது எடம்தானே லா. இங்க வந்து எழுதுனா எல்லாரும்தான் படிப்பாங்க."

அண்ணன் கேட்டால்

பரமேஸ் சுங்கை பினாங்குப் பெண். அக்கரையில் பிறை என்ற ஊரில் ஃபேக்டரி வேலை. ஷிஃப்ட் முடிந்து பெர்ரியில் வந்து, நேராக எங்கள் கடைக்கு வருவாள். டைப் அடிக்க நான்தான் சொல்லிக் கொடுத்தேன். கோலாலம்பூரில் ஒரு கல்லூரியில் டெக்னீஷியன் படிப்புக்கு அவளே எழுதிப் போட்டு, இடமும் கிடைத்துவிட்டது. 'வருகிறேன்' என்று பதில் அனுப்பிய அன்று கடையில் இருந்த அத்தனை பேருக்கும் மிட்டாய் கொடுத்தாள்.

மறுநாள் நான் சாப்பிடப் போன நேரத்தில் அவள் அண்ணன் வந்திருக்கிறான். முதலாளி நோட்டைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார். அவன் உட்கார்ந்து, தங்கை பெயரில், 'எனக்கு இடம் வேண்டாம்' என்று எழுதி அனுப்பிவிட்டான். அடுத்த வாரம் பரமேஸ் வந்து திறந்தபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. என்ன அநியாயம் இது என்று முதலாளியிடம் பாய்ந்தேன். அவர் பேப்பரிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை: "கூடப் பொறந்த அண்ணன் கேக்குறான். இல்லன்னு எப்படிச் சொல்றது?"

கிழித்த பிறகு

முதலாளி கண்ணெதிரிலேயே நோட்டைச் சுக்கு நூறாகக் கிழித்தேன். மறுநாள் கவுண்டரில் ஒரே ரகளை. பாஸ்வேர்ட் போச்சே என்று என்னைத்தான் பிடித்துக்கொண்டார்கள். நடந்ததைச் சொன்னால் திருந்துவார்கள் என்று நம்பி, பெயர் சொல்லாமல் சொன்னேன். மகனுக்கு எழுத வரும் அக்கா ஒருவர் கையை ஆட்டிக்கொண்டு பதில் சொன்னார்: "அந்தப் பொண்ணு ஒழுங்கா இருந்தா அண்ணன் ஏன் வந்து தேடப் போறான்? எங்களுக்கு ஒளிக்க ஒண்ணும் இல்லமா, நீ புது நோட்டு போடு."

கல்லூரியின் பதில்

கல்லூரிக்கு நாங்கள் மூன்று முறை எழுதினோம். கடிதம் அவளுடைய முகவரியிலிருந்து, அவளுடைய பாஸ்வேர்டில்தான் வந்தது, இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது என்று பதில் வந்தது. அதைப் பிரிண்ட் எடுத்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள் பரமேஸ். அழவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. அண்ணனைத் திட்டினேன், முதலாளியைத் திட்டினேன், ஊரையே திட்டினேன். நான் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவன் படிச்சான், உங்க முதலாளி குடுத்தாரு. எழுதி வச்சது நீங்கதானே, அக்கா?"

இண்டர்நெட்டை எல்லாருக்கும் நியாயமாக எப்படி நடத்துவது என்று பெரிய மனிதர்கள் இப்போது கூடிக் கூடிப் பேசுகிறார்கள், பேசட்டும். ஆனால் எத்தனை சட்டம் போட்டாலும் அதைக் கவிழ்க்கக் கெட்டவன் யாரும் தேவையில்லை, உதவி செய்கிறேன் பேர்வழி என்று என்னைப் போல ஒருத்தி போதும்.