அத்தையின் ராமர் காசு

வெள்ளியில் ஈரத் திருநீறு உரசும் மெல்லிய கிறீச்சொலியோடுதான், எழுபதுகளில் பிரிக்பீல்ட்ஸ் தொடர்வண்டி ஊழியர் குடியிருப்பில் எங்கள் வெள்ளிக்கிழமைகள் விடிந்தன. கணவரை இழந்து எங்களோடு வாழ்ந்த அத்தை, விளக்கையும் கிண்ணத்தையும் துலக்கிய பின் இறுதியாகக் கையிலெடுப்பது ஒரு காசு. வட்டமும் சரியாக அமையாத அந்த முரட்டு வெள்ளியில் வில்லும் அம்பும் பொறிக்கப்பட்டிருந்தன. கிள்ளான் துறைமுகக் கிடங்கில் வேலை பார்த்த மாமா, பழஞ்சாமான் கடையொன்றில் அதைக் கண்டு வாங்கி, "ராமர் காசு" என்று மனைவியின் கையில் வைத்தாராம்; அவர் விட்டுச்சென்ற பொருள் அது ஒன்றே. வில்லின் கீழிருந்த மூன்று ஆங்கில எழுத்துகளை, வெள்ளைக்காரன் காலத்து முத்திரை என்று விட்டுவிட்டோம்.

ஒரு தீபாவளியன்று எங்கள் வீட்டுக்கு வந்த, பழங்காசு சேர்க்கும் பழக்கமுடைய அண்டை வீட்டு அருளப்பன், பூசை மாடத்தைப் பார்த்ததும் முறுக்கு மெல்வதை நிறுத்தினார்.

"அக்கா, இது ராமர் இல்லலா! மெக்சிக்கோவுல சுதந்திரச் சண்டை போட்டவங்க, ஸ்பெயின் ராஜாவ எதிர்த்து அடிச்ச காசு. என் புத்தகத்துல படமே இருக்கு. அப்பல்லாம் மெக்சிக்கோ வெள்ளிக்காசு இங்க செல்லுபடியா ஓடுச்சில்ல, அதோட வந்திருக்கும். செம்புலதான் நிறைய இருக்கும், வெள்ளியில ரொம்ப ரேர். இப்படித் தேய்ச்சா வில்லே போயிரும்!"

அத்தையின் முகம் சிறுத்தது. காசு ராமருடையது அன்றெனில், மாமா சொல்லிச் சென்றதும் மெய்யன்று என்றாகிவிடும். காசைக் கையிலெடுத்துப் பார்த்தவர், நிமிர்ந்தார்.

"வில்லெடுத்து ஒரு ராஜாவத்தானே எதிர்த்தாங்க? ராமரும் அதத்தான் செஞ்சாரு. எங்க வீட்டுக்காரரு ஒண்ணும் தப்பாச் சொல்லல. நீ முறுக்கத் தின்னு."

"தின்றேங்கா. தேய்க்க மட்டும் வேணாம்."

மறு வெள்ளிக்கிழமை கிறீச்சொலி கிண்ணத்தோடு நின்றது. காசுக்கு ஒரு பூ மட்டுமே கிடைத்தது. மாதங்கள் செல்லச்செல்ல அது கறுத்தது. தைப்பூசத்திற்குப் பத்துமலை செல்லும் வழியில் எங்கள் வீட்டில் தங்கிய உறவுப்பெண் ஒருத்தி, "என்னக்கா, சாமிய இப்படி அழுக்கா வெச்சிருக்கீங்க?" என்று இடித்துக் கேட்டபோது, அத்தை திரும்பியும் பாராமல் சொன்னார்: "ராமரு என்னிக்குடி செவப்பா இருந்தாரு?"

அக்குடியிருப்பு நின்ற இடத்தில் இன்று கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. அத்தையும் இல்லை, அருளப்பனும் இல்லை. அண்மையில் காசைப் பார்த்த பழங்காசு வணிகர் ஒருவர், எழுத்துகளின் இடுக்கில் இறுகியிருந்த வெண்பொடியைச் சுரண்டியெடுத்தால் விலை கூடுமென்றார். வேண்டாமென்று கூறித் திரும்ப வாங்கி, அத்தை வைத்திருந்தபடியே வில் மேல்நோக்கியிருக்க, துணியில் மடித்துக்கொண்டேன்.