பின்சீட்டுக்கு ஒரு விளக்கு

என் மனைவிக்கு நாற்பது வயதைத் தாண்டிய பிறகு ஒரு காய்ச்சலில் காது போனது. முழுவதும் போகவில்லை. இடி, குக்கர் விசில் போன்றவை மிச்சமிருக்கின்றன, பேச்சு மிச்சமில்லை. பேச்சை அவள் உதடுகளைப் பார்த்து எடுத்துக்கொள்கிறாள். எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வரும் புது ஆளுக்கு வெகுநேரம் கழித்துத்தான் விஷயம் தெரியவரும். தெரிந்ததும் அவர் கத்த ஆரம்பித்துவிடுவார். அதனால் அவளுக்குப் பயன் எதுவும் இல்லை. பக்கத்து பிளாக்குக்கு மட்டும் செய்தி போய்ச் சேரும்.

எங்கள் வேன் பழையது. எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அவள் காதுக்கருவி மாட்டினால் எஞ்சின் சத்தம்தான் பெரிதாகும். பகலில் பரவாயில்லை. இருட்டிவிட்டால், பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும், பின்சீட்டில் அவள் தனியாகிவிடுவாள். கூரையில் ஒரு சின்ன விளக்கு உண்டு. அதைப் போட்டால் எங்கள் உச்சந்தலை தெரியும், வாய் தெரியாது. “வீட்டுக்குப் போனதும் சொல்லுங்க” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். வீட்டுக்குப் போனதும் யாரும் சொல்வதில்லை. வழியில் பேசுகிற பேச்சை எடுத்துவைத்தால் ஊசிப்போய்விடுகிறது.

நெல்லிக்குப்பத்தில் இருந்த அவளுடைய அக்கா, வீட்டைக் காலி செய்துவிட்டு மதுரையில் மகனோடு போய் இருப்பது என்று முடிவானது. விருத்தாசலம் வரை வேனில் கொண்டுபோய் ரயில் ஏற்றிவிடுவது எங்கள் பொறுப்பு. கடைசி வாரங்களில் அந்த வீடு முழுக்க உறவுக்காரர்களும் அட்டைப்பெட்டிகளும்தான். சகோதரிகள் இருவரும் தனியாக உட்கார முடியவில்லை. அக்காவிடமிருந்து போனில் ஒரு செய்தி வந்தது: “உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். எழுதற விஷயம் இல்ல. வண்டில வரும்போது பேசிக்கலாம்.”

வண்டியில் வரும்போது இருட்டியிருக்கும் என்பது அக்காவுக்குத் தோன்றவில்லை. என் மனைவிக்குத் தோன்றியது. போனை என்னிடம் நீட்டிக் காட்டினாள்.

மெயின் பஜாரில் எல்.இ.டி. பட்டை ஒன்று வாங்கி வந்தேன். பின்பக்கம் பசை தடவியது, பன்னிரண்டு வோல்ட், வெள்ளை வெளிச்சம். அதைக் கூரையின் உட்புறம் பின்சீட்டுக்கு நேர்மேலே ஒட்டினேன். கூரை விளக்கின் ஒயரில் தற்காலிகமாக இணைத்து, வேன் ஜன்னல்களைப் போர்வையால் மூடி இருட்டாக்கி, உள்ளே உட்கார்ந்து அவளிடம் பேசிப் பார்த்தேன்.

அவள் உற்றுப் பார்த்தாள். “மூக்கு நிழல் மீசை மேல விழுது. மீசை நிழல் வாய் மேல விழுது. ஒண்ணு மீசையை எடுங்க, இல்ல விளக்கை எடுங்க.”

விளக்கை எடுத்தேன். முகத்துக்கு வெளிச்சம் எதிரிலிருந்து வரவேண்டும் என்பது அப்போதுதான் பிடிபட்டது. முன்சீட்டுகளின் முதுகில், உட்கார்ந்திருப்பவர் மார்பு உயரத்தில் ஒட்டிப் பார்த்தோம். வாய் தெரிந்தது. வெளிச்சம் முன்கண்ணாடியில் பட்டு எனக்குக் கூசாமலிருக்க, சீட்டுகளின் தலைப்பகுதியிலிருந்து கூரை வரை கறுப்பு ரெக்ஸின் தைத்துத் தொங்கவிட்டாள். அப்புறம் நிரந்தரமாக ஒயர் இழுக்கிற வேலைதான் பாக்கி.

கீழ்வீட்டுக்காரர் பக்கத்துக் கிராமமான வடக்குத்தைச் சேர்ந்தவர். நிலக்கரிச் சுரங்கத்தில், கரி கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட் பிரிவில் மின்வேலை செய்கிறவர், பர்மனென்ட். நான் ஒயரோடு நிற்பதை மாடிப்படியிலிருந்து பார்த்துவிட்டு, “நான் இல்லாம கனெக்ஷன் குடுக்காதீங்க சார். வண்டியக் கொளுத்திகினு நிப்பீங்க” என்றார். அவருக்கு அந்த வாரம் மதிய ஷிப்ட். மற்ற காலைகள் சொந்த வேலையில் போக, ஓய்வு கிடைத்தது நாங்கள் கிளம்ப வேண்டிய நாளின் காலைதான். சாப்பிட்டுப் படுக்கவேண்டிய நேரத்தை எங்களுக்குக் கொடுத்தார்.

வந்ததும் முதல் வேலையாக வேன் சாவியை உருவித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார். அவர்கள் பிரிவில் அப்படித்தான். பெல்ட்டில் பழுதுபார்க்க ஆள் இறங்கினால், அதை ஓட்டுகிற சாவி இறங்கியவன் பையில்தான் இருக்கும். வேலை முடிந்து, எல்லோரும் வெளியே வந்துவிட்டார்களா என்று பார்த்த பிறகு அவனே கொண்டுபோய்க் கொடுப்பான். பேட்டரி ஒயரைக் கழற்றினார். விளக்கின் ஒயரை நான் இணைத்தேன். இடையில் சின்ன ஃப்யூஸ் ஒன்று போடச் சொன்னார். சுவிட்சை என் மனைவியின் கை எட்டும் இடத்தில் பொருத்தினோம். பேட்டரியை மாட்டினோம். எரிந்தது. ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்தது. டிபன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

நாங்கள் குளித்து உடை மாற்றி வந்தபோது ஸ்டியரிங்கில் சிவப்புத் துணி இருந்தது. சாவி இல்லை. மாற்றுச் சாவி தொலைந்து பல காலமாகிறது.

கீழ்வீட்டம்மா கன்னத்தில் கை வைத்தார். “பாக்கெட்ல போட்டுகினே போயிட்டாரா! போன வாரம் மிக்ஸியப் பாக்கறேன்னு பிளக்கைக் கழட்டிப் பையில போட்டுகினு போனாருங்க. இன்னும் எங்க வூட்டுல சட்னி இல்ல.”

என் மனைவி அவர் உதடுகளைப் படித்துச் சிரித்தாள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. வாடகைக் கார் பிடிக்கலாம், ரயிலைப் பிடித்துவிடலாம். அந்தக் காரில் இந்த விளக்கு இருக்காது.

வேலையிடத்தில் அவர் போனை எடுக்கமாட்டார். கடைசியில் அவரே அங்குள்ள அலுவலகப் போனிலிருந்து கூப்பிட்டார். பையைத் தடவியிருக்கிறார்.

“சார், தப்பாயிடுச்சி. முதல் ஷிப்ட் முடிஞ்சி போறவர்கிட்ட குடுத்தனுப்பறேன். அதுக்கு முன்னாடி சொல்லுங்க, வேலை முடிஞ்சிதா?”

“நீங்கதானே முடிச்சீங்க?”

“வண்டிக்கு அடியில யாரும் இல்லையே?”

“இல்லப்பா.”

“உங்க வூட்டு அக்கா எங்க இருக்காங்க?”

“என் எதிர்ல நின்னு என்னை முறைச்சுக்கிட்டு இருக்கா.”

“சரி. அப்ப குடுக்கலாம்.”

சாவியோடு மோட்டார் சைக்கிளில் வந்தவரை எனக்கு முன்பின் தெரியாது. புருவத்தில் பழுப்பு நிலக்கரித் தூசி. வீட்டுக்குப் போய்க் குளிப்பதற்கு முன் எங்கள் பிளாக்கைத் தேடி வந்திருக்கிறார். “உங்க கையிலதான் குடுக்கணும்னு சொல்லிட்டாருங்க” என்று மட்டும் சொல்லி, தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் வண்டியைத் திருப்பினார். நான் சொன்ன நன்றி அவர் சைலன்சர் சத்தத்தில் போய்விட்டது. அதை இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

நெல்லிக்குப்பத்தில் அக்காவையும் பெட்டிகளையும் ஏற்றும்போதே வெளிச்சம் மங்கிவிட்டது. பண்ருட்டி வருவதற்குள் இருட்டு. பின்னால் சுவிட்ச் சொடுக்கும் சத்தம் கேட்டது. ரெக்ஸினின் ஓரத்தில் மெல்லிய வெள்ளைக்கோடு தெரிந்தது. சாலை எனக்குத் தெளிவாகவே இருந்தது.

அக்கா வழக்கம்போல் கத்தித்தான் ஆரம்பித்தார். “வீட்டுச் சாவியை எதிர்வீட்டுல குடுத்துட்டேன்டீ!”

“கத்தாதே அக்கா. நல்லாத் தெரியுது” என்றாள் என் மனைவி.

அக்கா சந்தேகத்தோடு குரலைக் குறைத்தார். பதில் வந்தது. இன்னும் குறைத்தார். அதற்கும் பதில் வந்தது. வடலூர் தாண்டிய பிறகு அக்காவின் குரல் எனக்குக் கேட்கவே இல்லை. தங்கைக்குக் குரல் தேவையில்லை என்பதை அவர் கண்டுபிடித்துவிட்டார். இத்தனை வருஷமாக, கத்திச் சொல்லமுடியாத எதையும் அவர் இவளிடம் சொன்னதில்லை. இப்போது வெறும் உதட்டசைவில் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்குக் கிடைத்ததெல்லாம் மனைவியின் பதில்கள்தான். “எப்போ?” “அவனுக்குத் தெரியுமா?” நீண்ட இடைவெளி. “நீ ஏன் அழறே, அதுல உன் தப்பு என்ன இருக்கு?” மறுபடி இடைவெளி. பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

பத்திரிகை நிருபராகச் செய்தி சேகரித்தே பிழைத்தவன் நான். அன்று கைக்கு எட்டிய தூரத்தில் ஒரு செய்தி என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை.

விருத்தாசலம் ஸ்டேஷன் வாசலில் எஞ்சினை நிறுத்தினேன். ரயிலுக்குக் கொஞ்சம் நேரம் மிச்சமிருந்தது. வண்டி நின்றதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. நான் பெட்டிகளை இறக்காமல், சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு, டீ குடிக்கப் போனேன்.