தயிர்க் கிருமிகளோடு ஒரு குடித்தனம்

பாலைத் தயிராக்குவதில் நாம் செய்வது கொஞ்சம். மிச்சமெல்லாம் கண்ணுக்குத் தெரியாதவை செய்வது. சொன்னபடி கேட்காதவர்களிடம் வேலை வாங்கிய உங்களுக்கு என் பாடு புரியும். தொண்ணூறுகளில் ராஜபாளையத்தில் ஒரு தனியார் பால் பண்ணையில் பரிசோதனைக்கூடம் என் பொறுப்பு. உறை ஊற்றும் பாக்டீரியாவை உயிரோடு வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

கல்யாணத் தயிர்

சித்திரை வெயில். கரண்ட் போய்ப் போய் வந்ததில், பாலைக் குளிரவைக்கும் மெஷின் நின்று நின்று ஓடியது. சரியாக ஆறாத பாலில் உறை ஊற்றி, மம்சாபுரத்துக் கல்யாண வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். மறுநாளும் பால் பாலாகவே கிடந்தது. சூடு தாங்காமல் பாக்டீரியா செத்திருந்தது.

பெண்ணின் தகப்பனார் நேரே வந்தார். கத்தவில்லை; அதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஏம்மா, எம் மக கல்யாணம்னு ஒங்க கிருமிக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கப்படாதா?"

விழித்துக்கொள்ளும் ஜீன்

இன்னொரு தடவை இப்படி ஆனால் தயிரையே நிறுத்திவிடுவேன் என்றார் முதலாளி. தயிர் நின்றால் எனக்கும் வேலை இல்லை.

ஜன்னலுக்கு வெளியே மலைமேல் மேகம் இறங்கும். மைக்ராஸ்கோப்புக்குள் மணி கோத்தாற்போல் பாக்டீரியா மிதக்கும். எது உள்ளே, எது வெளியே என்பதே மறந்துபோகும் எனக்கு.

அவற்றுக்குள் சூட்டைச் சமாளிக்கும் ஜீன்கள் உண்டு. சாதாரண நாளில் ஒரு புரதம் அவற்றின் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். லேசாகச் சூடு பட்டால் அது விலகும், ஜீன் விழிக்கும். பிறகு பெரிய சூடு வந்தாலும் பாக்டீரியாவில் பல பிழைத்துக்கொள்ளும். அதனால் உறையை முதலில் கொஞ்சம் வெதுவெதுப்பில் வைத்துப் பார்ப்போமா என்றேன். பாய்லர் பார்க்கும் சுப்பையா அண்ணன் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"அப்போ அதுகளும் ஆத்துல எறங்குறதுக்கு முந்தி கால நனைச்சுப் பாக்கும்னு சொல்லுதிய."

மீரான் பாய் கடை

ஸ்ரீவில்லிபுத்தூர் மீரான் பாய் எங்களிடம் மொத்தமாகத் தயிர் வாங்குபவர். மறுபடி கரண்ட் போன அன்று, வெதுவெதுப்பில் பழக்கிய உறையை ஊற்றி அவருக்கு அனுப்பினோம். மறுநாள் காலை நானே பஸ் ஏறிவிட்டேன். வழியெல்லாம் கண்ணை மூடினால் மணி மணியாக மிதந்தன. எத்தனை விழித்தனவோ, எத்தனை போயினவோ.

பாய் கேனைத் திறந்து சாய்த்தார். அசையவில்லை, கட்டித் தயிர். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஜீன், புரதம் என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனேன். பொறுமையாகக் கேட்டவர், ஒரு கிண்ணத்தில் தயிரை அள்ளி என்னிடம் நீட்டினார்.

"எம்புட்டு சொன்னாலும் எனக்கு ஏறாது தாயி, மொதல்ல இதச் சாப்புடுங்க, வாடிப் போயிருக்கிய."

விஞ்ஞானம் படித்தவள் என்று பேர். சம்பளம் வாங்கியதென்னவோ பாக்டீரியாவின் மனசு கோணாமல் பார்த்துக்கொண்டதற்குத்தான்.