கல்லுக்காட்டின் ருசி

வாயில் வைத்ததைத் துப்புவதற்கு எனக்குச் சம்பளம். தென் ஆஸ்திரேலியாவில் ஒரு திராட்சைத் தோட்டத்தில், வருகிறவர்களுக்கு ஒயின் ருசிகாட்டும் வழிகாட்டி நான். மேட்டுச் சரிவில் விளைந்தது ஒரு கோப்பை, பள்ளத்துக் களிமண்ணில் விளைந்தது ஒரு கோப்பை. சுழற்றி, முகர்ந்து, நாக்கில் உருட்டி, பக்கத்து வாளியில் துப்ப வேண்டும். அதுதான் நாகரிகம். நிலம் ருசியாக மாறுவதை இங்கே ‘டெர்வார்’ என்று பிரெஞ்சில் சொல்வார்கள். பிரெஞ்சில் சொன்னால் விலை கூடும். கல்லிலும் வறட்சியிலும் கஷ்டப்பட்ட கொடிதான் நல்ல பழம் தரும் என்பது நான் தினமும் ஒப்பிக்கும் பாடம். ஒருமுறை தொப்பி போட்ட ஒரு மூதாட்டி, உங்கள் ஊர் நிலம் எப்படி என்று கேட்டார். வெறும் கல், மழையும் கிடையாது என்றேன். “கொடுத்துவைத்தவர்கள்” என்று கண்கலங்கினார். மறுத்துச் சொல்ல என் ஆங்கிலம் போதவில்லை.

அந்தக் கல், மேச்சேரிப் பக்கம் நாலு ஏக்கர் மானாவாரிக் காடு. அப்பா விட்டுப்போனது. அண்ணன் பேரிலும் என் பேரிலும் இருக்கிறது. அண்ணன் அதில் செம்மறி மேய்க்கிறார். முழங்கால் தேய்ந்துவிட்டது, கோழிப்பண்ணை போடக் கேட்கும் நாமக்கல்காரருக்கே கொடுத்துவிடலாம் என்று போனில் சொன்னார். கையெழுத்துப் போட முடியாது என்றேன். பதினோரு வருடமாக அந்த நிலத்தில் ஒரு களைகூடப் பிடுங்காதவனுக்கு அதன்மேல் இருக்கும் பற்று லேசானதல்ல.

போன தையில் ஊருக்குப் போனபோது, மண்ணின் மகிமையை விளக்க மேட்டு ஒயின் ஒன்றும் பள்ளத்து ஒயின் ஒன்றும் கொண்டுபோனேன். எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றினேன். அண்ணன் அண்ணாந்து, உதடு படாமல், நேரே தொண்டைக்குள் விட்டுக்கொண்டார். வாசனைக்கும் அவருக்கும் அறிமுகமே ஏற்படவில்லை.

“நாக்குல வெச்சு உருட்டோணுங்ணா. அப்புறம் துப்பிரோணும்.”

“குடுத்ததத் துப்புனா குடுத்தவங்க மனசு நோகாதாப்பா?”

இரண்டும் புளிக்கிறது என்றார். நான் விடவில்லை. நம் நாலு ஏக்கரின் ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது, எங்கே கொடுத்தாலும் கண்டுபிடிப்பேன் என்றேன். அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார்.

“செரி. நாளைக்கு உங்க அண்ணிகிட்டச் சொல்லி ரெண்டு கறி ஆக்கறோம். ஒண்ணு நம்ம காட்டு ஆடு, இன்னொண்ணு கடைக்கறி. நம்முளுது எதுன்னு சொல்லிப்போடு. செரியாச் சொல்லிட்டா காட்ட விக்கல.”

மறுநாள் மத்தியானம் அண்ணி இரண்டு கிண்ணங்களை வைத்தார். ஒரே மசாலா, ஒரே நிறம். இடது கிண்ணத்துக் கறி இறுக்கமாக இருந்தது, மெல்ல வேண்டியிருந்தது. வலது கிண்ணத்தில் கொழுப்பு நாக்கிலேயே கரைந்தது. அண்ணி இடது கிண்ணத்தை விரலால் என் பக்கம் நகர்த்தினார். “இதுல இன்னொரு துண்டு சாப்புடுங்க தம்பி.” உபசாரம் என்று நினைத்து, போதுங்க என்றேன். கண்ணை மூடி, வலது கிண்ணத்தைத் தொட்டேன். தொடக்கத்தில் சுண்ணாம்புக்கல், முடிவில் வறண்ட காற்று என்று விளக்கமும் கொடுத்தேன்.

அண்ணன் சிரிக்கவில்லை. “அது அடைச்சு வெச்சுத் தீவனம் போட்டு வளத்ததுப்பா” என்றார். இடது கிண்ணத்திலிருந்து ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார். “இது வெள்வேலங்காய் தின்னது. மேக்கால வேலியோரம் மேஞ்ச ஆடு.” பிறகு கையைக் கழுவிக்கொண்டே, “உனக்குத் தெரிஞ்சுரும்னு நெனச்சேன்” என்றார்.

அண்ணி கிண்ணங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. விற்காமல் இருக்க அவர்கள் இருவருக்கும் ஒரு காரணம் தேவைப்பட்டிருக்கிறது. அதற்கு என் நாக்கை நம்பியிருக்கிறார்கள். வெட்கமாக இருந்தது. இரண்டு நாள் கழித்துக் கையெழுத்துப் போட்டேன்.

நேற்று தோட்டத்தில் ஒருவர் கேட்டார், நிஜமாகவே ஒரு நிலத்தை நாக்கால் கண்டுபிடிக்க முடியுமா என்று. அப்போது என் வாயில் மேட்டு ஒயின் இருந்தது. முடியும், என் அண்ணனால் முடியும் என்று சொல்ல வேண்டும். அதற்கு வாயில் இருப்பதைத் துப்ப வேண்டும், அல்லது விழுங்க வேண்டும். இரண்டும் செய்யாமல் நின்றேன். அவர் கொஞ்சம் பார்த்துவிட்டு, மரியாதையாக வாளியை என் பக்கம் நகர்த்தினார்.