ஓட்டை யாக்கோப்பு

யாக்கோப்பு என்பது அவருடைய அப்பா வைத்த பெயர். அதற்கு முன்னால் ‘ஓட்டை’யைச் சேர்த்தது வால்தம்ஸ்டோ தமிழ்ச் சமூகம். வீட்டைச் சூடாக்கும் பொயிலர் பூட்டக் கூப்பிட்டால், மனிதர் முதலில் சுவரைத் தட்டிப் பார்த்து எங்கே ஓட்டை போடலாம் என்று யோசிப்பார். லண்டன் குளிரில் ஊரெல்லாம் ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருக்கும்போது, கூலி வாங்கிக்கொண்டு புதிதாக ஓட்டை போடுகிற ஒருவரைப் பற்றி நாலு பகிடி சொல்லிச் சிரிக்காவிட்டால் நாங்கள் என்ன சமூகம்?

யாக்கோப்பு பகிடிகளைக் காதில் போடுவதில்லை. மன்னார்க்காரர். எண்பத்துநாலாம் ஆண்டு மாசி மாதம், ஒரே அறையில் கூட இருந்த பெனடிக்ற்றை அவர்தான் வேலையால் வந்து கண்டார். பெனடிக்ற் மண்ணெண்ணெய் ஹீற்றரைக் கொளுத்தி, யன்னல் இடுக்குகளுக்கெல்லாம் பசை ரேப் ஒட்டிவிட்டு, போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். முகம் நல்ல சிவப்பு. லண்டனுக்கு வந்த நாள் முதல் அவர் அவ்வளவு ஆரோக்கியமாகத் தெரிந்ததில்லை, மூச்சுத்தான் இல்லை.

அதன்பிறகு யாக்கோப்பு வகுப்புக்குப் போய் மண்ணெண்ணெய்ப் பொயிலர் பூட்டப் படித்தார். தான் பூட்டிய வீட்டில் ஒரு சவம் விழக்கூடாது. வேறு இலட்சியம் எதுவும் அந்த மனிதருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. அது பல வருடங்கள் பலித்தது.

தொண்ணூற்றுமூன்று ஐப்பசியில் பத்மநாதன் கூப்பிட்டார். பத்மநாதன் உள்ளூராட்சிக் கவுன்சிலில் கிளார்க். பழைய மாணவர் ஒன்றியத்தின் செயலாளர். தெருவில் எல்லோரும் கேஸ் பொயிலர் வைத்திருக்க, அவருக்குக் கேஸில் நம்பிக்கையில்லை.

“மணக்காத சாமானை வீட்டுக்குள்ளை விடேலாது அண்ணை. மண்ணெண்ணெய் எண்டால் ஒரு சொட்டுச் சிந்தினாலும் மூக்குச் சொல்லும்.”

“கேஸுக்கும் மணம் போட்டுத்தான் விடுறாங்கள் தம்பி.”

“அது போட்ட மணம். இது பிறவி மணம்.”

யாழ்ப்பாணத்தில் அந்த வருடம் மண்ணெண்ணெய்க்குத் தடை. ஒரு போத்தலுக்கு நாள் முழுக்க வரிசையில் நின்றார்கள். பத்மநாதன் பின்வளவில் ஆயிரம் லீற்றர் தொட்டி வைத்தார். அதைப் பார்க்க மோர்டனிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். ஒருவர் தொட்டியைத் தடவிப் பார்த்துவிட்டுக் கண்கலங்கியதாகக் கேள்வி.

யாக்கோப்பு மூன்று நாள் எடுத்தார். தொட்டியை வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி, கல் மேடையில் ஏற்றினார். எண்ணெய்க் குழாயில், நெருப்புச் சூடு பட்டால் தானாக மூடிக்கொள்ளும் வால்வு ஒன்று. சமைக்கிற குசினி மூலையில் பொயிலர். அதிலிருந்து கூரைக்கு மேலே போகும் புகைக்குழாய். தொழில்காரர் அதை ஃப்ளூ என்பார்கள். கடைசியாக, குசினிச் சுவரில் ஒரு தடித்த புத்தகம் நுழையும் அளவுக்கு ஓட்டை.

பத்மநாதனின் மனைவி தவநாயகி இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“வீட்டைச் சூடாக்கிப்போட்டு, குளிருக்கும் ஒரு வாசல் வைக்கிறியள். நல்ல உபசாரம் அண்ணை.”

“பொயிலரும் மூச்சு விடவேணும் தங்கச்சி. வெளிக்காத்துக் கிடைக்காட்டி அது உங்கடை மூச்சை எடுக்கும்.”

“அப்ப எங்களோடை அதுவும் ஒரு ஆள். பேரையும் வைச்சு அரசாங்கத்திட்டை அதுக்கும் ஒரு பெனிபிட் காசு எடுப்பம்.”

யாக்கோப்பு சிரிக்கவில்லை. தூரிகையை எடுத்து ஓட்டையின் கீழே கறுப்புப் பெயின்றால் எழுதினார்: மூடக் கூடாது.

வெள்ளிக்கிழமை தவிர்ந்த நாட்களில் தவநாயகி கருவாடு பொரிப்பார். அது காற்று உள்ளே வரும் வழியென்று கருவாட்டு மணத்துக்குத் தெரியாது. ஓட்டையால் வெளியேறி நேரே பக்கத்து வீட்டுக் கிழவியிடம் போனது. கிழவி வேலிக்கு மேலால், கவுன்சிலுக்கு எழுதப்போவதாகச் சொன்னாள். பத்மநாதனுக்கு வியர்த்தது.

“நான் வேலை செய்யிற கவுன்சிலுக்கே என்ரை வீட்டைப் பற்றிப் பெட்டிசம் போனால், அங்கை ஆற்ரை முகத்திலை முழிக்கிறது?”

அவர் செயலாளராக இருந்து வெளியிட்ட ஆண்டுவிழா மலர் மாடியில் கட்டுக்கட்டாகக் கிடந்தது. முன்னூறு பக்கம், கெட்டி அட்டை, நாற்பது வாழ்த்துச் செய்திகள். ஒன்றை எடுத்து ஓட்டைக்குள் செருகினார். அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. அந்த மலர் முதல்முறையாக ஒருவருக்கு உபயோகப்பட்டது.

தை மாதம் இருவருக்கும் தலையிடி, சாப்பிட்டதெல்லாம் வெளியே வரும் சத்தி. டொக்டர் ஃப்ளூக் காய்ச்சல் என்றார். அந்தக் குளிருக்குப் பாதி லண்டனுக்கு ஃப்ளூ. அவரைக் குறை சொல்ல முடியாது. பிறகு குட்மேய்ஸில் ஒரு கலியாணத்துக்குப் போய் இரண்டு நாள் தங்கினார்கள். தலையிடி மாயமாய்ப் போனது. கலியாணச் சாப்பாட்டின் மகிமை என்றார் தவநாயகி. திங்கட்கிழமை வீட்டுக்கு வந்து பொயிலரைப் போட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை யாக்கோப்பு ரெலிபோன் எடுத்தார். தான் பூட்டிய வீடுகளுக்கு மாரியில் ஒருமுறை எடுத்துப் புகைக்குழாய் நிலவரம் கேட்பது அவர் வழக்கம்.

“ஃப்ளூ எப்பிடித் தம்பி?”

யாரோ சொல்லித்தான் சுகம் விசாரிக்கிறார் என்று பத்மநாதன் நெகிழ்ந்துபோனார்.

“போன கிழமை நல்ல கரைச்சல் குடுத்தது அண்ணை. இப்ப தானாய்ச் சரி வந்திட்டுது.”

“அது தானாய்ச் சரி வராது. ஒருக்கா வந்து பாக்கிறன்.”

“வராதேங்கோ அண்ணை. உங்களுக்கும் தொத்தும்.”

யாக்கோப்பு அன்றைக்குத்தான் சிரித்தார். இந்த வீட்டுக்காரர் எல்லோரும் பகிடிக்காரர் என்று நினைத்தார். “சரி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வாறன்,” என்று சொல்லி வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை பின்னேரம் பத்மநாதன் வேலையால் வந்தபோது தவநாயகி குசினி மேசையில் தலைசாய்த்து இருந்தார். முகம் நல்ல சிவப்பு. பொயிலர் உறுமிக்கொண்டிருந்தது. வீடு கதகதப்பாக இருந்தது. எதுவும் மணக்கவில்லை.

விசாரணையில் யாக்கோப்பில் பிழையில்லை என்று எழுதினார்கள்: காற்றுவழி அடைபட்டிருந்தது, காற்றில்லாமல் பொயிலர் நஞ்சைக் கக்கியது, பூட்டிய வேலை ஒழுங்கு. அதிகாரி ஒரு கேள்விதான் கேட்டார். தொற்றும் என்று சொன்னபோது உங்களுக்கு யோசனை வரவில்லையா? யாக்கோப்பு, “நான் சிரிச்சனான்,” என்றார். மொழிபெயர்ப்பாளர் அதை மொழிபெயர்க்கச் சற்று நேரமெடுத்தார்.

சமூகம் விசாரணைக்கெல்லாம் காத்திருக்கவில்லை. செத்தவீட்டிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

“யாக்கோப்பு பூட்டினதாம்.”

“கேஸ் எண்டால் மனுசி உயிரோடை இருந்திருப்பா.”

இரண்டாவதாகப் பேசியவர் அம்பலவாணன். அவர் வீட்டிலும் யாக்கோப்பு பூட்டிய பொயிலர்தான். அடுத்த நாள் யாக்கோப்பு சொல்லாமல் கொள்ளாமல் அங்கே போய் நின்றார். ஓட்டைக்குள் உடுத்துக் கழித்த பழைய சாரம் ஒன்று சுருட்டிக் கிடந்தது. பிறகு பங்குனி முடியும்வரை வீடு வீடாகப் போனார். ஓரிடத்தில் பழைய கலண்டர், ஓரிடத்தில் தலையணை. இரண்டு வீடுகளில் அதே ஆண்டுவிழா மலர், இலவசப் பிரதிகள். எல்லாவற்றையும் இழுத்து எறிந்தார். சிலர் தேத்தண்ணி தந்தார்கள், சிலர் கதவைச் சாத்தினார்கள். சாத்தியவர்களின் சுவரை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, மறுநாளும் போனார்.

கடைசியாகப் பத்மநாதன் வீடு. அவர் ஓவர்கோட்டும் தொப்பியும் போட்டுக் குசினியில் இருந்தார். பொயிலரை மெக்கானிக் ஒருவர் துப்புரவாக்கிச் சான்றிதழும் கொடுத்திருந்தார், பத்மநாதன்தான் போடவில்லை. ஓட்டை திறந்து கிடந்தது.

யாக்கோப்பு கையை ஓட்டைக்கு முன்னால் பிடித்தார். காற்று வந்தது.

“ஆளைப் போட்டுப் பாத்தியே தம்பி?” என்றார், பொயிலரைக் காட்டி.

“இல்லை அண்ணை.”

“போடு. ஓட்டை திறந்து கிடக்கு. ஒண்டும் செய்யாது.”

பத்மநாதன் எழும்பவில்லை. யாக்கோப்பு தானே சுவிட்சைப் போட்டார். பொயிலர் உறுமியதும் பத்மநாதன் மூக்கை உயர்த்தி, நெடுநேரம் மணந்து பார்த்துக்கொண்டே இருந்தார். யாக்கோப்பு ஒரு கதிரையை இழுத்து, வீடு சூடாகும்வரை ஓட்டையில் ஒரு கையை வைத்தபடி அவருக்குப் பக்கத்தில் இருந்தார்.