செல்வாவைத் தெரிந்த ஒருவர்

போன மழைக்காலத்தில் என் கணவர் செல்வராஜின் செயற்கைக் கால் உடைந்தது. அன்றோடு எங்கள் வீட்டில் சிரிப்பும் நின்றுபோனது. சகோதர சகோதரிகளே, அந்த நாட்களில் கர்த்தர் எங்களை எப்படி நினைத்தருளினார் என்று சொல்லவே எழுந்து நிற்கிறேன்.

நான் ராகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். அவர் இளவயதில் இராணுவத்தில் சேர்ந்து லொறி ஓட்டியவர். வடக்கில் கண்ணிவெடியில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. தமிழனாக இருந்துகொண்டு அங்கே ஏன் போனாய் என்று எங்கள் ஆட்களே கேட்டிருக்கிறார்கள். அவரோ இராணுவம் கொடுத்த செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு, நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் லீக்ஸும் கரட்டும் போட்டு மானமாக வாழ்ந்தார்.

அந்தச் செயற்கைக் கால் உடைந்த பிறகும் அதையே கம்பி கட்டி மாட்டினார். உரசி உரசிப் புண்ணாகிச் சீழ் வைத்தது. இனியும் அதைப் போட்டால் முழங்காலையும் எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அடிபட்ட வீரர்களுக்குப் புதுக் கால் கொடுக்கும் அலுவலகத்துக்குப் போனோம். அவருடைய இராணுவ அட்டை முன்பு லயத்தில் தீப்பிடித்தபோது எரிந்துவிட்டது. அங்கிருந்தவர் இவருடைய பெயரைக் கேட்டதும் மேலும் கீழும் பார்த்தார். "இது சிப்பாய்கள் வரும் இடம்" என்று சிங்களத்தில் சொன்னார். இவர் தன் இலக்கத்தைச் சொன்னார், படைப்பிரிவைச் சொன்னார். தேடிப் பார்க்கக்கூட அவர் எழுந்திருக்கவில்லை. "உன்னோடு இருந்த யாரையாவது கூட்டிக்கொண்டு வா" என்று அனுப்பிவிட்டார்.

யாரைக் கூட்டிப்போவது? கூட இருந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் அவர் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். "விடு புள்ள. அங்கயும் நான் அவங்க ஆளில்ல, இங்கயும் நம்ம ஆளில்ல" என்றார். வெடி பட்டபோதுகூட அழாதவர் என்று அவருடைய அம்மா சொல்வார்கள். அன்று அழுதார்.

நான் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டே ஜெபித்தேன். காலைக் கேட்கவில்லை. "ஆண்டவரே, என் வீட்டுக்காரரைத் தெரிஞ்ச ஒரே ஒருத்தரைக் காட்டுங்க" என்றுதான் கேட்டேன். சபையாரும் எங்கள் வீட்டுக்கு வந்து உபவாச ஜெபம் செய்தார்கள். வேறு சபைக்காரர்களும் கோயிலுக்குப் போகிறவர்களும்கூட வந்து உட்கார்ந்தார்கள்.

அதே வாரம் பெரிய ரோட்டில் மண் சரிந்தது. வண்டிகளெல்லாம் தோட்டத்து வழியாக வந்தன. மரக்கறி லொறி ஒன்று எங்கள் லயத்துக்கு முன்னால் சேற்றில் புதைந்துவிட்டது. ஆட்கள் தள்ளினார்கள், அசையவில்லை. சத்தம் கேட்டு இவர் ஊன்றுகோலோடு வாசலுக்கு வந்து, "ஸ்டியரிங்க இடப்பக்கம் ஒடிங்க!" என்று சிங்களத்தில் கத்தினார்.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். எஞ்சினை அப்படியே விட்டுவிட்டு இறங்கினார்.

"செல்வா மல்லி!" என்றார். மல்லி என்றால் தம்பி. "நீ உயிரோடு இருக்கிறாயா?"

அவர் பெயர் பந்துல. வெடி பட்ட அன்று இவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவர் அவர்தான். இரண்டு பேரும் சேற்றில் கட்டிப்பிடித்து நின்றதைப் பார்த்து நான் அங்கேயே முழங்கால் போட்டேன்.

மறுநாள் பந்துல அண்ணன் தன் லொறியிலேயே எங்களை அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். "இவனுடைய இரத்தம் என் சட்டையில் காய்ந்தது. இவன் சிப்பாயா என்று என்னைக் கேளுங்கள்" என்றார். உள்ளே இருந்த பெரிய அதிகாரி வெளியே வந்தார். இவருடைய விபரத்தைத் தேடி எடுக்கச் சொன்னார். பிறகு இவர் கையைப் பிடித்து, "எங்கள் பிழை" என்றார்.

புண்ணுக்கு அவர்களே வைத்தியம் செய்தார்கள். ஆறிய பிறகு அளவெடுத்துப் புதுக் கால் கொடுத்தார்கள். அதைவிட, அந்த அதிகாரி சொன்ன ஒரு வார்த்தைதான் அவரை நிமிர்த்தியது.

இப்போது ஊருக்கு ஊர் போய், ஒதுங்கிக் கிடக்கிற பழைய வீரர்களையும் போரில் கணவரை இழந்த பெண்களையும் உதவி கேட்க அவரே அந்த அலுவலகத்துக்குக் கூட்டிப்போகிறார். அவர்களில் சிங்களவர்களும் இருக்கிறார்கள், முஸ்லிம் ஒருவரும் இருக்கிறார். "இவங்கள எனக்குத் தெரியும்" என்று பக்கத்தில் நிற்கிறார். பந்துல அண்ணன் எங்கள் பிள்ளைகளுக்குப் பெரியப்பா ஆகிவிட்டார்.

தனக்காகப் பேச ஆளில்லை என்று கலங்குகிறவர்கள் இங்கே இருந்தால், கேளுங்கள். வாய் திறந்து கேளுங்கள். நம்முடைய ஆண்டவர் யாரை எந்த வழியாகக் கொண்டுவருவார் என்று நமக்குத் தெரியாது. ஆனால் கொண்டுவருவார். அதோ, கடைசி வரிசையில் என் வீட்டுக்காரர் புதுக் காலில் நிற்கிறார். நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. உட்கார மாட்டேன் என்கிறார்.